கேள்வி – பதில்: ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்

கே: கிறிஸ்தவத் தொண்டு என்றாலே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்தானா? தனிமையில் வாடுகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

ப: டேமியன் பாதிரியாரைப் பாருங்கள். அந்தக் கால ஹவாயில் தொழுநோய் வந்தவர்களை வீட்டிலிருந்து பிரித்து மொலக்காய் தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். 1865-ல் அதற்குச் சட்டமே போட்டிருந்தார்கள். 1873-ல் அங்கே போன இந்த பெல்ஜியக்காரரிடம் நோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது, அன்றைக்கு யாரிடமும் கிடையாது. புண்ணுக்குக் கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் கைவிட்டுக் கிழங்குக் கூழும் சாப்பிட்டார். சுகாதாரப்படி அசட்டுத்தனம்தான். ஆனால் தொடக்கூட ஆளில்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிசாகப் பட்டிருக்கும்! நோய் அவருக்கும் தொற்றி, 1889-ல் இறந்தார். முந்தின வருஷமே அங்கு வந்துவிட்ட மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ வேலையைத் தொடர்ந்தார். சுத்தத்தில் ரொம்பக் கண்டிப்பு, 1918-ல் இறக்கும்வரை அவருக்கு நோய் வரவில்லை.