தம்பிக்குப் பிணை நிற்க மறுத்தால் பாவமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "தம்பி தினமும் குடிக்கிறான். என் தோட்டை அடைவு வைத்து இரண்டு தரம் அவன் கடனைக் கட்டினேன். இப்போது மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் பிணை நிற்கச் சொல்கிறான். 'ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னாரே இயேசு' என்று அம்மா அழுகிறார். மறுத்தால் பாவமா?"

பாவமில்லை. கையொப்பம் வைக்காதீர்கள். மத்தேயு 18இல் இயேசு பேசியது மன்னிப்பைப் பற்றி. பிணை நிற்காதே என்று நீதிமொழிகள் 22:26 நேரடியாகவே எச்சரிக்கிறது. அம்மாவுடன் இருந்து கலாத்தியர் 6ஐயும் வாசியுங்கள். 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, 5ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள்: ஒன்று ஆளை அமுக்கும் சுமை, மற்றது அவரவர் முதுகு மூட்டை. போரில் அவன் பட்டதைச் சேர்ந்து சுமக்கலாம். லீசிங் தவணை அவனுடைய மூட்டை.

வெறி இல்லாத ஒரு காலையில், அம்மாவின் முன்னிலையில் சொல்லுங்கள்: "சோறு எப்போதும் இருக்கும். காசும் கையொப்பமும் இல்லை."

இனி ஊரில் இரண்டு பேர் வருவார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் எடுத்துத் தருகிறேன் என்று கொமிஷன் கேட்கும் தரகர் ஒருவர். அது மீற்றர் வட்டியில், அதாவது நாளுக்கு நாள் ஏறும் கந்துவட்டியில், போய் முடியும். மற்றவர் சோற்றில் கலக்க ஒரு தூள் விற்பார். வாங்கவே வேண்டாம். குடியை வெறுக்கவைக்கும் மருந்து அதில் இருந்து, தெரியாமல் அவன் மேலே குடித்தால், இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

ஒரு இடத்தில் மட்டும் "அவன் பாடு" என்று விட்டுவிடாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம். சிலர் இல்லாத பூச்சியைப் பாயிலிருந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். அதைப் பேய் என்று அறையில் பூட்டி வைத்து ஜெபிக்கிறார்கள். ஜெபியுங்கள், ஆனால் முதலில் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பழையபடி கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம். எத்தனை நாளாகக் குடிக்கிறான், கடைசியாக எப்போது குடித்தான் என்பதை வைத்தியசாலையில் மறைக்காமல் சொல்லுங்கள்.

நடுக்கம் நின்றதும் வைத்தியசாலையில் துண்டு வெட்டி (வீட்டுக்குப் போகச் சீட்டு எழுதி) அனுப்பிவிடுவார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்: மனநலக் கிளினிக் என்ன நாள் என்று கேட்டு, அந்தத் துண்டிலேயே எழுதி வாங்குங்கள். பஸ் காசைத் தம்பி கையில் கொடுக்காமல் கூடவே போங்கள். தொலைபேசியில் பேச 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது, நீங்களும் பேசலாம்.