டிகிரி சர்டிபிகேட்டை முதலில் வாங்குங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். எம்.ஏ. முடித்து, ‘கன்டென்ட் ரைட்டர்’ என்று ஓர் ஆபீசில் சேர்ந்தேன். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதுவதுதான் வேலை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போதுகூட ஒரு நர்சிங் மாணவியின் அசைன்மென்ட் பாதியில் நிற்கிறது. மூன்று மாதச் சம்பளம் 42,000 ரூபாய் பாக்கி. விலகுகிறேன் என்றதும், ‘சேரும்போது கையெழுத்துப் போட்ட பாண்டில் இருக்கிறபடி ஒரு லட்சம் கட்டு, இல்லையென்றால் போலீசில் கொடுப்போம்’ என்று மிரட்டுகிறார்கள். என் டிகிரி ஒரிஜினலும் அவர்களிடம்தான் இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. முதல் வேலை அந்த ஒரிஜினலை வாங்குவது. சர்டிபிகேட் ஒன்றும் அடகுப் பொருள் அல்ல. பணத்துக்காக அதைப் பிடித்துவைக்கக் கூடாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 15 நாளில் திருப்பித் தரச் சொல்லி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

சம்பள விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். 1872 ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி, ஏமாற்றுவதற்காகவோ பொது நலனுக்கு விரோதமாகவோ போட்ட ஒப்பந்தம் செல்லாது. மாணவர்கள் எழுத வேண்டியதைக் காசுக்கு எழுதித் தருவதும் ஏமாற்றுதான் என்பதால், வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே பிரிவு அவர்களுடைய பாண்டையும் சேர்த்துத்தான் சாய்க்கும். பாண்ட் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது.

போலீசுக்கு அவர்கள் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவில் 2020-லேயே இந்த அசைன்மென்ட் வியாபாரத்தை இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிவிட்டார்கள். 2022-ல் இங்கிலாந்தும் தடை செய்தது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024-ல் வந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் நீட், யுபிஎஸ்சி மாதிரியான தேர்வுகளுக்குத்தான். ஆனால் மிரட்டிப் பணம் கேட்பது இங்கேயும் குற்றம்: ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 308, 351 பிரிவுகளைப் பாருங்கள். வாட்ஸ்அப் மிரட்டல், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பாரிமுனையில் இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். ஆதாரும் பாண்ட் நகலும் கையில் இருக்கட்டும்.

அந்த நர்சிங் அசைன்மென்டை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். நாளைக்கு ஒரு நோயாளிக்கு மருந்தளவு பார்த்துக் கொடுக்கப்போவது அந்தப் பெண்தான்.