ஆங்கிலப் படிவத்தில் அம்மா போட்ட கையெழுத்து

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. தமிழ் மட்டும்தான் வாசிப்பார். சர்க்கரைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, "புது மாத்திரை, இலவசம்" என்று சொல்லி ஆங்கிலத் தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது மருந்துப் பரிசோதனை என்பதே இப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாரமாகத் தலைச்சுற்றல் வேறு. கையெழுத்துப் போட்டாயிற்றே, விலக முடியுமா?

பதில்: தாராளமாக விலகலாம். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே. அதற்காக அவருடைய வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. ஆனால் மாத்திரையை வீட்டில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தலைச்சுற்றலை இன்றைக்கே பரிசோதனையை நடத்தும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுத்தாகவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பரிசோதனையின்போது வந்த பாதிப்பு என்றால், தேவைப்படும்வரை இலவசச் சிகிச்சை தர வேண்டும். பரிசோதனைக்கும் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்று உறுதியானால் அது அதற்கு முன்பே நிற்கலாம். தொடர்பு உறுதியானால் இழப்பீடும் உண்டு.

சரி, கையெழுத்து. மருந்துப் பரிசோதனைகளுக்கு 2019-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஆய்வைப் பற்றிப் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில், வாயாலும் சொல்ல வேண்டும், தாளிலும் தர வேண்டும். ஒப்புதல் படிவத்தின் முதல் வரியே 'தகவல் தாளைப் படித்துப் புரிந்துகொண்டேன், கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தது' என்பதுதான். பக்கத்துக் கட்டத்தில் பங்கேற்பவர் சுருக்கொப்பம் (இனிஷியல்) இட வேண்டும். ஆங்கிலமே தெரியாதவர் அந்தக் கட்டத்தில் ஒப்பமிட்டிருந்தால், அது சம்மதத்துக்குச் சாட்சி இல்லை. சம்மதம் முறையாக வாங்கப்படவில்லை என்பதற்குத்தான் சாட்சி.

எழுதப் படிக்கவே தெரியாதவர் என்றால், விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை நடுநிலையான ஒருவர் உடனிருந்து, சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். அன்றைய ஆந்திரத்தின் (இன்று தெலங்கானா) கம்மம் மாவட்டத்தில் 2009-இல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில் விடுதிச் சிறுமிகள் பலருக்காக வார்டன்களே கையெழுத்திட்டார்கள். பெற்றோர் பலருக்குத் தெரியவே தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது, படிவத்தின் நகலைக் கேட்பது. தகவல் தாளையும் நிரப்பிய படிவத்தையும் பங்கேற்பவரிடமோ உடன் வந்தவரிடமோ கொடுத்தாக வேண்டும். அது அவர்கள் செய்யும் உதவி அல்ல, கடமை. மறுத்தால் அந்த ஆய்வை அனுமதித்த எத்திக்ஸ் கமிட்டிக்கு (பங்கேற்பவர்களின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் நெறிமுறைக் குழு) எழுதுங்கள். பிரதியை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் அனுப்புங்கள்.

அப்புறம் ஒன்று. "இதோ தமிழ்ப் படிவம்" என்று நீட்டி, பழைய தேதியில் கையெழுத்துக் கேட்டால் அம்மா போடக் கூடாது.