கடை உடைப்பு: பொலிஸார் வரும் வரை தடயங்களை என்ன செய்வது?

வணக்கம். ஹட்டனில் உங்கள் கடையின் பின்கதவு உடைக்கப்பட்டிருப்பதாகவும், பொலிஸார் வருவதற்குள் மழை சேற்றுத் தடங்களை அழித்துவிடுமோ என அஞ்சுவதாகவும் எழுதியுள்ளீர்கள். தடத்தின் மீது படாதவாறு அகலமான பேசின் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உறவினர் உட்பட எவரையும் உள்ளே விடாதீர்கள். நனைந்த கண்ணாடித் துண்டுகளைத் துடைக்க வேண்டாம். அவை தாமாக உலர்ந்த பின்னரே கைரேகைத் தூள் சரியாகப் பிடிக்கும். அங்கே கிடக்கும் ஈரத்துணியைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால், ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடித்து மரபணுத் தடயமே கெட்டுவிடக்கூடும் என்பதால், அதிகாரிகள் அதை உலர்த்திக் காகித உறையில்தான் இடுவார்கள். உறை முத்திரையிடப்பட்டு, கைமாறும்போதெல்லாம் பதிவு செய்யப்படும். அப்பதிவில் இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடமாட்டார். கதவைத் தொட்ட வீட்டார் யார் யார் என்பதையும் எழுதி வையுங்கள். அவர்களின் ரேகைகளைப் பிரித்தறிய அது உதவும்.