நெஞ்சு மொட்டையான கிரே கிளி: ஜோடியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இரண்டரை வயது ஆப்பிரிக்கன் கிரே வளர்க்கிறோம். மூன்று மாதமாக நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது. நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குக் காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஏழரை ஆகிவிடும். கூண்டு ஹாலில் கண்ணாடி ஜன்னல் ஓரம், நல்ல வெயில் படும் இடத்தில் இருக்கிறது. சாப்பாடு சூரியகாந்தி விதை, கொஞ்சம் ஆப்பிள். கிளியை வாங்கிக் கொடுத்த புரோக்கர், துணையில்லாத ஏக்கம், ஒரு ஜோடி வாங்கி விட்டால் சரியாகிவிடும் என்கிறார். அதுவரை தடவச் சொல்லி ஓர் எண்ணெயும் கொடுத்திருக்கிறார். பேப்பர் எதுவும் தேவையில்லை என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?"

இன்னொரு கிளி வாங்காதீர்கள். அந்த எண்ணெயையும் தடவாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊரில் குழந்தைக்குத் தலைவலி, மாட்டுக்குப் புண், கதவுக்குக் கிறீச்சு எதுவானாலும் கை எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும். "தேங்கா எண்ணெதானுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க" என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. இறகில் எண்ணெய் பட்டால் அது ஒட்டிக்கொள்ளும், உடம்புச் சூடு நிற்காது. பிசுக்கு பிடிக்காமல் கிளி இன்னும் அதிகமாகக் கோதும், கோதியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பிடுங்குகிற கிளிக்கு அது கூடுதல் தூண்டுதல். ஏற்கெனவே தடவியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது கிளியின் தலையைப் பாருங்கள். நெஞ்சு, வயிறு, தொடை, சிறகின் அடிப்பக்கம், முதுகு எல்லாவற்றையும் அதன் அலகு எட்டும். தலையை மட்டும் எட்டாது. நெஞ்சு மொட்டையாக இருந்து, தலையில் சாம்பல் இறகு ஓடு மாட்டியதுபோல் ஒழுங்காக இருந்தால், பிடுங்குவது கிளியேதான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

தலையிலும் இறகு இல்லையென்றால் கதை வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே கூண்டில் இன்னொரு கிளி இருந்தால் அது பிடுங்கியிருக்கலாம். உங்கள் வீட்டில் அது இல்லை. கம்பியில் தலையைத் தேய்த்துத் தேய்த்து ஓர் இடம் மட்டும் வழுக்கையாகியிருக்கலாம். அது ஒரு பக்கமாகத்தான் இருக்கும். இறகு மாற்றும் பருவத்தில் தலையில் முள்முள்ளாகக் குருத்து தெரியும். அது வழுக்கை இல்லை, புது இறகு. இவை மூன்றும் இல்லாமல் தலை மொட்டையாகி, முளைக்கும் இறகும் சுருண்டு, கோணி, நடுவில் இறுகி வந்தால் அலகு-இறகு நோய் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு இன்றுவரை மருந்து இல்லை. இறகுத் தூளிலும் எச்சத்திலும் பரவும். கிரே கிளி உடம்பெல்லாம் மாவு உதிர்க்கிற பறவை என்பது உங்களுக்கே தெரியும். ரத்தத்தையோ இறகையோ சோதனைக்கு அனுப்பித்தான் உறுதி செய்ய முடியும். நோய்க்குறியே இல்லாத கிளிக்குச் சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தால் உடனே இடிந்து போகாதீர்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், உடம்பே கிருமியை விரட்டிவிடுவதும் உண்டு.

ஜோடி வேண்டாம் என்று நான் சொல்ல முதல் காரணமும் இதுதான். எங்கிருந்து வந்தது, எத்தனை கூண்டு மாறியது என்று தெரியாத ஒரு கிளியைச் சோதனையில்லாமல் வீட்டுக்குள் விடுவது, இருக்கிற கிளியைப் பணயம் வைப்பது. இரண்டாவது, உங்கள் கிளி ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? கிரே கிளியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். டிஎன்ஏ சோதனை இல்லாமல் "நூத்துக்கு நூறு பொட்டைங்க" என்று சத்தியம் செய்கிற புரோக்கர், ஆண் கேட்கிறவருக்கு அதே கிளியை ஆணென்று விற்பார். மூன்றாவது, முன்பின் தெரியாத இரண்டு கிரேயை ஒரு கூண்டில் அடைத்தால் ஒன்றின் விரலை ஒன்று கடித்துத் துண்டாக்குகிற அளவுக்குச் சண்டை வரலாம். கல்யாணம் பண்ணி வைத்தால் பையன் திருந்திவிடுவான் என்கிற பழைய யோசனைதான் இது. மனிதர்களிடமே அது எத்தனை தூரம் பலித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

புரோக்கர்களைப் பற்றி இன்னொன்று. அடுத்து அவர் ஒரு குஞ்சைக் கொண்டுவந்து, ஊசிக்குழலும் குஞ்சுத் தீனிப் பொடியும் கொடுத்து, நீங்களே ஊட்டினால்தான் பாசமாக ஒட்டும் என்பார். நம்பாதீர்கள். கூழ் சூடு கூடினால் தொண்டைப் பை வெந்துவிடும், வழி தவறினால் நுரையீரலுக்குள் போய்க் குஞ்சு அன்றைக்கே செத்தும் போகலாம். ஊட்டி வளர்க்கிற வேலையையும் செலவையும் உங்கள் தலையில் கட்டத்தான் இந்தப் பாசக் கதை. சின்ன வயதுக் கிளி என்று விற்றால் கண்ணைப் பாருங்கள்: குஞ்சுக்குக் கருவிழி வளையம் இருண்டிருக்கும், வளர வளர வெளுத்து, பெரிய கிளிக்கு வைக்கோல் மஞ்சளாகிவிடும். மஞ்சள் கண்ணோடு 'நாலு மாசக் குஞ்சு' என்று விலை சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

சரி, உங்கள் கிளிக்கு வருவோம். முதல் கோளாறு தட்டில் இருக்கிறது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு ஏராளம். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ-யும் இல்லாத குறைதான். மற்ற கிளிகளைவிடக் கிரேவுக்குச் சுண்ணாம்புச் சத்து சீக்கிரம் இறங்கிவிடும். முற்றினால் வலிப்பு வந்து கட்டையிலிருந்து விழும். அப்படி ஒரு முறை விழுந்தாலும் பதிலுக்கு எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு அரிக்கும், அரித்தால் பிடுங்கும். கிளிக்கான பெல்லட் தீனி (சத்துகளைக் கலந்து குருணையாக அழுத்தியது) வாங்க முடிந்தால் வாங்கி, பழைய தீனியோடு கலந்து சில வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும். அதோடு முருங்கைக் கீரை, கேரட், பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, முளைகட்டிய பயறு, உப்பில்லாத ராகிக் களி ஓர் உருண்டை. எல்லாம் உங்கள் சமையலறையிலேயே இருப்பவைதான். அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் பண்டம் கூடவே கூடாது. சூரியகாந்தி விதை இனிமேல் பரிசு, சொன்னதைக் கேட்டால் இரண்டு.

இரண்டாவது அந்தக் கண்ணாடி ஜன்னல். வெளிச்சம் உள்ளே வரும், சூடும் வரும், ஆனால் சுண்ணாம்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள உதவும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சின்னக் கூண்டில் மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், காலை இளவெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். கூண்டில் பாதிக்கு நிழல் இருக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், காக்காயும் பூனையும் சும்மா இருக்காது. வாரத்தில் மூன்று நாள் வெறும் தண்ணீர் தெளித்துக் குளிக்க விடுங்கள். கானா முதல் காங்கோ வரை ஈரக் காட்டில் வாழ்கிற இனம் அது. ஆடிக் காற்றில் மட்டும் நனைந்த கிளியை வெளியில் வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் பெரியது. பதினொன்றரை மணி நேரம் வெறுங்கூண்டில் ஒரு வேலையும் இல்லாமல் அது என்ன செய்யும்? காட்டில் பாதி நாள் தீனி தேடுவதிலேயே போய்விடும். ஆகவே தீனியைத் தட்டில் கொட்டாதீர்கள், ஒளித்து வையுங்கள். மக்காச்சோளக் கதிரைத் தோகையோடு மாட்டுங்கள். கொட்டாங்குச்சிக்குள் கேரட்டைத் திணியுங்கள். முருங்கைக் கொத்தைக் காம்போடு கட்டித் தொங்கவிடுங்கள். அட்டைத் துண்டு நல்லது, அதில் ஸ்டேப்ளர் பின்னும் டேப்பும் இருக்கக் கூடாது. ஆனால் கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட்டைக் கொண்டுவந்து விளையாடப் போடாதீர்கள்! நூல் விரலில் சுற்றி இறுகி, விரலே கறுத்துப் போய் வந்த கிளிகளைப் பார்த்திருக்கிறேன். காலையில் கிளம்புமுன் கால் மணி, வந்ததும் ஒரு மணி நேரம் கூண்டைத் திறந்து பேச்சுக் கொடுங்கள். அப்புறம் விளக்கணைத்துத் தூங்கவிடுங்கள், பத்து மணி நேரமாவது வேண்டும். டிவி ஓடுகிற ஹாலில் அது தூங்காது. கூண்டு இருக்கும் பக்கம் சாம்பிராணி, கொசுவத்தி வேண்டாம். நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் அந்தப் புகையிலேயே கிளி செத்துவிடும்.

இதோடு ஒரு டாக்டர் பார்ப்பதும் அவசியம். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாமக்கல்லையும் பல்லடத்தையும் வைத்துக்கொண்டு கோழிக்கு ஊருக்கே பாடம் சொல்கிறோம். ஒரு கிளிக்கு ரத்தம் எடுக்கத் தெரிந்தவரைத் தேடி ஜனங்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஏறுகிறார்கள். பண்ணை மருந்துக் கடைக்குப் போனால், ஆயிரக்கணக்கான கோழிக்குத் தண்ணீரில் கலக்கிற ஆன்டிபயாடிக் பாட்டிலை நீட்டி "ரெண்டு சொட்டு உடுங்க" என்கிறார்கள். உங்கள் கிளி அரைக் கிலோகூட இராது. ரெண்டு சொட்டுக் கணக்கை எங்கே பிடித்தார்கள்?

பேப்பர் வேண்டாம் என்பதும் பொய். 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாட்டில் இந்தக் கிளியை உலக வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியலை நம் வனவிலங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி, வளர்ப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்; ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதக் கெடு, அது அந்த ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் அனுமதி கேட்கிற அதே தளத்தில் ஒரு கிளிக்கும் விண்ணப்பம் போடச் சொன்னால், கம்பெனி வேலை முடிந்து வருகிறவர் என்ன செய்வார்? அந்த இடைவெளியில்தான் "நான் பதிஞ்சு தர்றேனுங்க" என்று புரோக்கர் மறுபடி நுழைகிறார். பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய ரசீதை எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ரசீதே இல்லையென்றால், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் அந்த நாள் போட்டோவையும் வையுங்கள்.

இன்றே ஒரு சமையலறைத் தராசு வாங்கி, தினமும் காலையில் தீனி வைக்குமுன் கிளியை நிறுத்து நோட்டில் எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே டாக்டர். எடை குறையாமல் நின்றாலும், பிடுங்கிய இறகு திரும்ப முளைக்கச் சில மாதம் ஆகும், சில இடத்தில் முளைக்காமலும் போகலாம். நடுவில் ஒரு குருத்து உடைந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள் பொடி வேண்டாம்.