பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸ்தான் போய்விட்டதா?

கேள்வி: 12 வருடப் பழைய கார். காலையில் லீவரை ‘டி’யில் (டிரைவ்) போட்டால் மூன்று நான்கு விநாடி கழித்துத்தான் நகர்கிறது. சூடானதும் சரியாகிவிடுகிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்த்தாரா? பார்க்காமல் சொல்லியிருந்தால் வேறு மெக்கானிக்கிடம் போங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் ஏறத் தாமதமாகும். பழைய சீல்கள் குளிரில் விறைத்துப்போனாலும் இதே கோளாறு வரும். பெரும்பாலான கார்களில் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்க்க வேண்டும். சிலவற்றில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், கையேட்டில் இருக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார் என்றால் பட்டறையில் தூக்கித்தான் பார்க்க முடியும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். பெரும்பாலும் புது ஆயில் சிவப்பாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது. நிறம் நன்றாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால் கசிவைத் தேடச் சொல்லுங்கள். இன்ஜின் ஆயில் போல இது எரிந்து குறையாது. குறைந்தால் ஒழுகுகிறது என்றே அர்த்தம்.

கேள்வி: லீவர் ‘பி’யை (பார்க்கிங்) விட்டு நகரவே மாட்டேன் என்கிறது.

பதில்: பிரேக்கை மிதித்தால்தான் ‘பி’ பூட்டு விடும். அதனால் பிரேக்கை மிதியுங்கள், பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் முதலில் பிரேக் சுவிட்சையும் ஃப்யூஸையும் பாருங்கள்.

கேள்வி: ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், வெண்ணெயாக ஓடியது. ஒரே வாரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நானும் இப்படி ஒரு கார் வாங்கியிருக்கிறேன். நான் போனபோது பானெட் சூடாக இருந்தது, ‘இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன்’ என்றார் விற்றவர். குளிர்ந்த நிலையில் தெரியும் கோளாறுகளை மறைக்கவே சிலர் முன்கூட்டி ஓட்டிச் சூடாக்கி வைக்கிறார்கள்.

உங்கள் கார் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சென்சாரோ சோலனாய்டோ (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) கெட்டாலும், ஒரு வயர் அறுந்தாலும், பேட்டரி பலவீனமானாலும் இப்படி ஆகலாம். காரின் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்யுங்கள். பி0700 என்ற பிழைக் குறியீடு மட்டும் வந்தால் அது கோளாறு அல்ல, ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைக் கேள்’ என்ற தகவல்தான். அதையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். பிழைக் குறியீடுகள் எப்போது அழிக்கப்பட்டன, அதன்பின் எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் பல கார்களில் பார்க்கலாம். விற்பதற்குச் சற்று முன்பு அழித்திருந்தால் அந்த ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். விற்றவருக்குப் புகாரைப் போனில் அல்ல, எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: 70, 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது கார் அதிர்கிறது. ஆயில் மாற்றலாமா என்றால், ‘ஆயுள் முழுக்க ஒரே ஆயில்தான்’ என்கிறார்கள்.

பதில்: முதலில் அதிர்வு. காலியான சாலையில், ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்து, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். அப்போது டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் பாகம்) பூட்டு விலகும். அதிர்வும் உடனே நின்றால் சந்தேகம் அங்கேதான். நிற்காவிட்டால் இன்ஜினின் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் தேடுங்கள்.

இப்போது அந்த ‘ஆயுள்’. இந்த ஒரு வார்த்தையால் எத்தனை நல்ல கியர்பாக்ஸ்கள் வீணாகின்றன! வெப்பத்தில் எந்த ஆயிலும் கெடும். கிளட்ச் தேயும் தூளும் அதில்தான் கலக்கிறது. பல கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஆயிலை அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர் மாற்று என்கிறார், விற்பவர் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது? விற்பவருக்கு உத்தரவாதக் காலம் தாண்டினால் போதும், உங்களுக்கு அப்புறமும் கார் ஓட வேண்டும். கேட்டு வாங்கி மாற்றுங்கள். ஒருமுறை வடித்தால் பாதியளவுகூட வராது, மிச்சம் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன வகையை மட்டுமே ஊற்ற வேண்டும். சி.வி.டி. (படிப்படியான கியர்கள் இல்லாத வகை) கியர்பாக்ஸுக்கு அதற்கென்று உள்ள ஆயில்தான். ஆரம்ப நிலையில் உள்ள அதிர்வு பல கார்களில் இதிலேயே அடங்கியிருக்கிறது.

கேள்வி: ஆறு மாதமாக ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்று வேகம்) ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. தீய்ந்த வாடையும் வருகிறது. ஏதாவது மருந்து ஊற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. முதல் வாரத்திலேயே காட்டியிருந்தால் கசிவை அடைப்பதோடு முடிந்திருக்கலாம். ஆறு மாதம் தீய்ந்த கிளட்சை எந்தப் புட்டியும் திருப்பித் தராது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் ஆயில் இளஞ்சிவப்பாக, பால் கலந்ததுபோல் இருக்கிறது. ஊருக்குப் போய் வந்து பார்க்கலாமா?

பதில்: ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கும். டிரக்கில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.