கடல் சீறும்போது சிறு படகு: கேள்வி-பதில்

ஆழ்கடலில் பெரிய அலையையும் தாண்டிவிடுகிறோம். முகத்துவாரத்தில் நுழையும்போது மட்டும் ஏன் கவிழ்கிறது?

வெளியே அலை உருண்டு போகும், இங்கே உடையும். 2 மீட்டர் அலை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்திலேயே உடைந்துவிடும். தேங்காய்ப்பட்டணம் போல ஆற்று வாயில் மணல் சேரும் இடங்களில்தான் ஆபத்து அதிகம். நீர் வற்றும் நேரத்தில் வெளியேறும் ஓட்டம் அலையை எதிர்த்து இன்னும் செங்குத்தாக்கும். முடிந்தவரை நீர் ஏறும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

அலை உடையும் இடத்துக்கு வெளியே, அணியம் (படகின் முன்பகுதி) கடலைப் பார்க்க நின்று 10 நிமிடமாவது கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். கடைசிப் பெரிய அலை கடந்ததும் அதன் முதுகைத் தொடர்ந்து நுழையுங்கள். முகட்டைத் தாண்டினால் அணியம் பள்ளத்தில் குத்தும். அந்த ஆழத்தில் அலை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சுமை ஏற்றிய 10 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது பெரும்பாலும் எட்டாது. ஆகவே அலை ஓயும் அந்த இடைவெளிக்குள் கடந்துவிட வேண்டும். பின்னால் வரும் அலை பிடித்துவிட்டால் படகின் பின்புறம் நேராக அதைப் பார்த்தே இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் எஞ்சின் விசிறி நீரைவிட்டு எழும்பி, கைப்பிடிக்குப் படகு கட்டுப்படாமல் குறுக்கே திரும்பிப் புரளும். அணியத்தில் கிடக்கும் வலையையும் ஐஸ் பெட்டியையும் முன்கூட்டியே நடுவுக்குச் சற்றுப் பின்னே நகர்த்திக் கட்டுங்கள். உடையும் அலைக்கு நடுவே திரும்ப முயலவே கூடாது.

எஞ்சின் நின்றுவிட்டால்?

முதலில் அணியத்தை அலைக்கு நேராக்குங்கள், பழுதைப் பிறகு பார்க்கலாம். தரை எட்டினால் நங்கூரம் போடுங்கள். கயிறு ஆழத்தைப் போல 5 மடங்கு, சீற்றத்தில் 7 மடங்கு வேண்டும். எட்டாவிட்டால் சுருட்டிக் கட்டிய வலையையோ வாளிகளையோ நீளக் கயிற்றில் அணியத்திலிருந்து விடுங்கள். பின்புறத்தில் கட்டினால் தாழ்ந்த பின்பலகை வழியாகவே தண்ணீர் ஏறிவிடும்.

கவிழ்ந்தால் கரைக்கு நீந்தலாமா?

வேண்டாம். உள்ளே நுரை அடைத்த பைபர் படகு கவிழ்ந்தும் மிதக்கும், அதைப் பிடித்திருங்கள். தேடுவோர் கண்ணுக்கு மனிதத் தலையைவிடப் படகே முதலில் தெரியும். உயிர்காப்புச் சட்டையை நுழையும் முன்பே போட்டிருக்க வேண்டும். கடலோரக் காவல்படை: 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093.

எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டுவது அவசியமா?

கட்டாயம். ஓட்டுபவர் விழுந்தால் ஆளில்லாப் படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

காற்றே இல்லாத நாளில் பேரலை வருகிறதே?

அது கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயலில் பிறந்த அலை, நாள்கணக்கில் பயணித்து வந்து சேரும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். கடல் நிலையை முன்கூட்டியே கணிக்கும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் எச்சரிக்கை விடும் நாளில் வானம் தெளிவாக இருந்தாலும் படகை இறக்காதீர்கள். கரையில் நிற்கும் படகுகளை மேட்டுக்கு ஏற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.